ஓடிய கிரில் பரவாயில்லை, நின்ற கிரில்தான் கவலை

பெல்லட் கிரில் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை (பெல்லட்) எரித்து இறைச்சி வேகவைக்கும் மின்சார அடுப்பு. அதைப் பற்றி வந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: "தெரிந்தவர் ஒருவர் ஏழு வருஷப் பழைய பெல்லட் கிரில் ஒன்றை விற்கிறார். புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார். 'நன்றாக ஓடும், என்ன, கொஞ்ச நாளாக எடுக்கவில்லை' என்கிறார். இரண்டு மூட்டை பெல்லட்டும் சேர்த்துத் தருகிறாராம். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது?"

வாங்கலாம். ஏழு வருஷம் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. "கொஞ்ச நாளாக எடுக்கவில்லை" என்றாரே, அதுதான் உறுத்துகிறது. வாரம் தவறாமல் எரிந்த ஏழு வருஷக் கிரில்லா, உறை போட்டு மழையில் ஒரு வருஷம் நிறுத்தி வைத்த இரண்டு வருஷக் கிரில்லா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுப்பேன்.

ஏன் என்பதற்கு இந்த வண்டி ஓடும் விதம் தெரிய வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் ஹாப்பர் என்கிற தொட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். தொட்டியின் அடியில் ஆகர், அதாவது நீளமான ஒரு திருகுத் தண்டு. அதைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு இரண்டு சுற்று மாதிரி, ஆமை வேகத்தில் ஓடும். அது பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போய், நடுவில் இருக்கும் டம்ளர் அளவு இரும்புக் கிண்ணத்தில் தள்ளும். அங்கே இக்னைட்டர் என்கிற சூட்டுக் கம்பி பழுத்துச் சிவந்து பெல்லட்டைப் பற்ற வைக்கும். சின்ன ஃபேன் ஒன்று காற்று ஊதும். உள்ளே சூடு எவ்வளவு என்று ஒரு சென்சார் சொல்ல, அதைக் கேட்டு கன்ட்ரோலர் ஆகரை ஓட்டும், நிறுத்தும். அவ்வளவுதான். அடுப்பு ஊதுகிற வேலையை மின்சாரத்திடம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் 1980-களின் நடுவில் உருவாக்கிய அமைப்பு இது. அவருடைய காப்புரிமை 2006-இல் முடிந்த பிறகுதான் மற்ற கம்பெனிகள் வரிசையாக இறங்கின. பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட இதே ஐந்தாறு பாகங்கள்தான்.

இப்போது பெல்லட்டுக்கு வருவோம். மரத்தூளை அழுத்தத்தில் பிழிந்து எடுத்த, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சி அது. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது தூளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு தண்ணீருக்குத் தாங்காது. ஒரு பெல்லட்டை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் ஊதிப் பெருத்து மறுபடி மரத்தூளாகிவிடும். தொட்டியில் பெல்லட்டோடு மாதக்கணக்கில் நின்ற கிரில்லில் ஈரக்காற்று இதே வேலையை மெதுவாகச் செய்கிறது. ஊதிய தூள் ஆகர் குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு காய்ந்தால் பலகை மாதிரி இறுகிவிடும்.

நான் வாங்கிய முதல் பழைய கிரில் அப்படித்தான் வந்தது. மோட்டாரின் பின்பக்கம் ஒரு குட்டி விசிறி உண்டு, அது சுற்றுகிறது, ஆனால் கிண்ணத்தில் ஒரு பெல்லட்கூட விழவில்லை. மோட்டாரையும் ஆகரையும் இணைக்கும் ஷியர் பின் அறுந்திருந்தது. அது குறையல்ல, ஏற்பாடு: ஆகர் மாட்டிக்கொண்டால் மோட்டார் எரியாமல் இருக்க, விலை குறைந்த பின் தன்னைப் பலி கொடுக்கும். பின்னை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆகரை வெளியே எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. தண்டின் நுனியைப் பைப் ரெஞ்சால் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்து, நீளமான டிரில் பிட்டால் இறுகிய தூளைக் குடைந்து குடைந்து எடுத்தேன். வெளியே வந்தது பார்க்க பிஸ்கட் மாதிரி, தட்டினால் மரக்கட்டைச் சத்தம். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் கடைசியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

ஆகவே பார்க்கப் போவதற்கு முன்னால் விற்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும்வரை கிரில்லைப் பற்ற வைக்க வேண்டாம். தொட்டியில் இருப்பதை அப்படியே விட்டு வைக்கட்டும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கிற மாட்டைப் பார்க்கலாம், பார்த்தே ஆக வேண்டும். போய் நின்றதும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், "உங்களுக்காகத்தான் தயாராக வைத்தேன்" என்று அவர் சொன்னாலும், ஆறவிட்டு இன்னொரு நாள் வருவதே நல்லது. இக்னைட்டர் செத்துப்போன கிரில்லைக் கையால் பற்ற வைத்துவிட்டால் மணிக்கணக்கில் எந்தக் குறையும் தெரியாமல் எரியும். ஆறிப்போன நிலையிலிருந்து தானாகப் பற்றுகிறதா என்பதுதான் பரீட்சை.

பரீட்சையை இப்படிச் செய்வேன். உள்ளே இருக்கும் கம்பி வலை, கொழுப்புத் தட்டு, அதற்குக் கீழே தீயை மறைக்கும் தகடு மூன்றையும் எடுத்துவிட்டால் கிண்ணம் கண்ணுக்குத் தெரியும். கிண்ணம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஸ்விட்சைப் போடுங்கள். ஃபேன் சத்தம் உடனே வர வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கம்பி மங்கலாகச் சிவக்கும். பெல்லட் விழத் தொடங்கும். ஆகர் குழாய் காலியாக இருந்தால் முதல் பெல்லட் வர சில நிமிடம் கூடுதலாகும், பதற வேண்டாம். பிறகு வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கைச் சுளிக்க வைக்கிற அளவுக்கு வரும். அதற்கப்புறம்தான் கவனம்: புகை சட்டென்று மெலிந்து, கிண்ணத்துக்குள் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்க வேண்டும். அதுதான் தீ பிடித்த சத்தம். எல்லாம் சேர்த்து ஐந்திலிருந்து பத்து நிமிடம். புகை மட்டும் வந்துகொண்டே இருந்து தீ வரவில்லை என்றால் இக்னைட்டர் பலவீனம், அல்லது கிண்ணத்தின் காற்று ஓட்டைகள் அடைத்திருக்கின்றன.

பற்றியதும் தகடுகளைத் திருப்பி வைத்து, 107 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் விடுங்கள். டயலில் அது 225 என்று ஃபாரன்ஹீட்டில் எழுதியிருக்கும். பிறகு 200 டிகிரிக்கு மேலே ஏற்றுங்கள். கையோடு ஒரு தனி தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வலையின் நடுவில் வையுங்கள். திரையில் வரும் எண்ணுக்கும் உங்கள் மீட்டருக்கும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம், அதை வைத்துப் பேரம் பேசலாமே தவிர கிரில்லை ஒதுக்க வேண்டியதில்லை. கடைசியாக, அணைக்கும் முறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிடங்கள் ஓடி மிச்சத் தீயை எரித்து முடிக்க வேண்டும். முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை விற்பவருக்கு இல்லையென்றால் அதுவே ஒரு பதில்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பைப் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பார்த்து மிரள்பவர்கள் தகட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள், நியாயமாக அது நேர்மாறாக இருக்க வேண்டும். இக்னைட்டர், ஃபேன், ஆகர் மோட்டார், சென்சார் எல்லாமே கழற்றி மாட்டுகிற சாமான்கள். கன்ட்ரோலர் மட்டும் கொஞ்சம் விலை கூடியது, அதற்கும் மாற்று கிடைக்கும். கிரில்லின் உடம்பான பீப்பாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அதற்கு மாற்று கிடையாது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள அடித்தகடு, கொழுப்பு வழிந்து வாளிக்குப் போகும் மூலை, தொட்டியின் அடிப்பக்கம், இந்த மூன்று இடத்தையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். மேலே பூத்த துரு சுரண்டினால் போய்விடும். அழுத்தும்போது தகடு உள்வாங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரச் சாம்பல் இரும்பைத் தின்னும். நிறுத்தி வைத்த கிரில்லின் வயிறு ஓட்டையாவது அப்படித்தான்.

மூடியின் உட்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்து "பெயின்ட் உதிர்கிறது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பெயின்ட் அல்ல, புகையும் கொழுப்பும் சேர்ந்து படிந்து காய்ந்த கரி. பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தால் வந்துவிடும்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இக்னைட்டரை அளக்கலாம். 200 வாட் கம்பி, 120 வோல்ட் கிரில் என்றால் 72 ஓம் பக்கம் காட்ட வேண்டும், 230 வோல்ட் என்றால் 265 ஓம் பக்கம். எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. பழைய கம்பியில் இன்னொரு கோளாறும் உண்டு. மின்சாரம் கிரில்லின் உடம்புக்குக் கசியும், கிரில்லைப் போட்டதும் வீட்டு பிரேக்கர் விழும். பிரேக்கர் விழுகிறது என்று விற்பவர் சொன்னால் கிரில்லையே எழுதித் தள்ள வேண்டாம், பத்தில் எட்டு முறை அந்தக் கம்பிதான் காரணம் என்று என் கைக்கணக்கு சொல்கிறது. சென்சாரையும் இப்படியே அளக்கலாம். பல கிரில்களில் உள்ள வகை 0 டிகிரியில் 1000 ஓம், 25 டிகிரியில் ஏறத்தாழ 1097 ஓம் காட்டும்.

வேறு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் கொண்டுவந்த கிரில்லா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 120 வோல்ட் கிரில்லை 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அதாவது பெல்லட் குறைவாக விழும். சமாளிக்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

கன்ட்ரோலரில் இரண்டு தலைமுறை. பழையது நேரக் கணக்கில் ஓடும்: இத்தனை வினாடி ஆகர் சுற்று, இத்தனை வினாடி நில். அதில் 'பி செட்டிங்' என்று ஒன்று இருக்கும். எண்ணைக் கூட்டினால் ஆகர் நிற்கும் நேரம் கூடும், புகை அதிகமாகும், தீ அணைகிற அபாயமும் கூடும். குளிரிலும் காற்றிலும் எண்ணைக் குறைத்து வைப்பார்கள். இந்த வகையில் சூடு இருபது டிகிரி மேலே கீழே ஊசலாடும். புதிய பிஐடி வகை சூட்டின் போக்கைப் பார்த்து முன்கூட்டியே திருத்திக்கொள்ளும், ஊசலாட்டம் குறைவு. எட்டு மணி நேரம் வேகும் இறைச்சிக்கு இந்த ஊசலாட்டம் தெரியவே தெரியாது என்பதால் பழைய கன்ட்ரோலர் என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். வைஃபை இருந்தால், பணம் கொடுக்கும் முன் விற்பவர் தன் கணக்கிலிருந்து கிரில்லை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது தொட்டியைக் காலி செய்து, கொழுப்பு வாளியைக் கழற்றி, மூடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், பீப்பாயைப் பிடியுங்கள். வந்ததும் சமைக்கிற ஆசையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தவர் வீட்டுக் கொழுப்பு பிசினாக இறுகியிருக்கும். அதன் மேலே தீ வைத்தால் முதல் நாளே கிரில் முழுக்கத் தீப்பிடிக்கலாம். தொட்டியில் மிச்சம் இருந்த பழைய பெல்லட்டை மோப்பம்கூடப் பார்க்காமல் அப்புறப்படுத்திவிட்டு, புதிதாகப் போட்டு, 200 டிகிரிக்கு மேல் ஒரு முக்கால் மணி நேரம் வெறுமனே எரிய விடுங்கள். பிறகு சமைக்கலாம்.

இனி கூடக் குடித்தனம் நடத்துவது. பெல்லட்டில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனால் அது விழும் கிண்ணம் டம்ளர் அளவு என்பதை மறந்துவிடுகிறோம். நான்கைந்து சமையலுக்கு ஒருமுறை கிண்ணத்தை வாக்குவம் போட்டு எடுத்துவிட வேண்டும். நீண்ட சமையலுக்கு முன்னால் எப்படியும் எடுக்க வேண்டும். சாம்பல் இக்னைட்டரை மூடினால் பற்றாது, காற்று ஓட்டையை மூடினால் நடுராத்திரியில் தீ அணையும். சாம்பல் ஆறிவிட்டதா என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஆறியது மாதிரி இருந்து உள்ளே கங்கு கிடக்கும், வாக்குவம் பைக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும். அணைத்த மறுநாள் காலையில் எடுப்பது என் வழக்கம்.

மிக முக்கியமாக ஒன்று. தீ நடுவில் அணைந்துவிட்டால் கன்ட்ரோலருக்குச் சூடு இறங்குவது மட்டும்தான் தெரியும், அது பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிண்ணம் வழிந்து குவியலாகிவிடும். அந்த நிலையில் அப்படியே மறுபடி ஸ்விட்ச் போட்டால் குவியல் முழுவதும் புகைந்து, பீப்பாய் நிறையப் புகை தேங்கி, ஒரே நொடியில் தீப்பிடிக்கும். மூடி தூக்கிப் போடுகிற மாதிரி 'டம்' என்று ஒரு அடி. எனக்கு ஒருமுறை நடந்தது, கை முடி கருகியதோடு போயிற்று. அணைந்த கிரில்லை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே திரும்பப் பற்ற வையுங்கள். கெட்டியான மஞ்சள் கலந்த புகை கொட்டும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

அதே மாதிரி, சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி அணைப்பது கெட்ட பழக்கம். ஃபேன் நின்றுவிட்டால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கங்கு ஆகர் குழாய் வழியே தொட்டியை நோக்கிப் பின்னோக்கிப் புகையும். அபூர்வம்தான், ஆனால் தொட்டி நிறைய எரிபொருள் இருக்கிறது. கொழுப்புத் தட்டில் தீ எழுந்தால் ஸ்விட்சை அணைத்து மூடியை மூடி வையுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். தட்டில் அலுமினியத் தாள் விரித்து அவ்வப்போது மாற்றினால் இந்தப் பிரச்சினை முக்கால்வாசி வராது. கூரையடி, மூடிய பால்கனி, கார் ஷெட் எதுவும் இதற்கான இடமல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ளுங்கள். குறைந்த சூட்டில் மணிக்கு ஒரு கிலோவுக்குள் பெல்லட் போகும், சூட்டை ஏற்றினால் ஒன்றரை, குளிர்காலக் காற்றில் இன்னும் கூடும். விறகுக் கிரில்லின் கனமான புகைச்சுவை இதில் வராது. ஃபேன் ஊதுவதால் மரம் சுத்தமாக எரிந்துவிடுகிறது. புகை வேண்டுமென்றால் முதல் ஓரிரு மணி நேரம் 110 டிகிரிக்குக் கீழே வைத்துப் பிறகு ஏற்றுவதுதான் வழி. இறைச்சியின் மேல்பக்கம் வரி வரியாகக் கருக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கூட ஒரு இரும்புச் சட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தீயை மறைக்கும் தகடு இருக்கும்வரை இது அடிப்படையில் புகை போடும் ஓவன்தான்.

ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, ஆகர் குழாய் வெறுமையாகும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் விற்பவரிடம் இருந்ததா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்கு, தொட்டி எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும்" என்றால் ஆகரைக் கழற்றும் வேலையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இலவசமாக வரும் இரண்டு மூட்டையைப் பற்றி. முதலில் பையில் சமையலுக்கானது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அறை சூடேற்றும் ஸ்டவ்வுக்கான பெல்லட்டில் பிசின் மரமும் வேண்டாத கலப்பும் இருக்கலாம், அதன் புகை சாப்பாட்டில் படக் கூடாது. சமையல் பெல்லட்தான் என்றால் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்து விரலால் ஒடியுங்கள். 'டிக்' என்று ஒடிந்து, மேல்தோல் பளபளப்பாக இருந்தால் தூளைச் சலித்துவிட்டுப் பயன்படுத்தலாம். சத்தமில்லாமல் வளைந்து உதிர்ந்தால் அந்த மூட்டையைத் தொட்டி பக்கமே கொண்டுபோக வேண்டாம். என்னுடைய பழைய கிரில்லோடு வந்த மூட்டை அப்படிப்பட்டதுதான். கார் ஷெட் தரையில் எண்ணெய் சிந்தினால் அதன்மேல் ஒரு கைப்பிடி போடுகிறேன், நன்றாக உறிஞ்சுகிறது.